சிலோன் எடுக்கும் பெட்டி

ரேடியோ ரிப்பேர் செய்து ஜீவனம் நடத்தியவன் ஜனங்களின் சங்கீத ருசியைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு அதிகப்பிரசங்கமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பாட்டு பாடகரின் தொண்டையிலிருந்து புறப்பட்டு, இசைத்தட்டிலே தங்கி, கடல் கடந்து, ஆகாயத்தில் ஏறி இறங்கி, ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணையில் வந்து சேரும் அந்த நெடிய மார்க்கத்தில், கடைசி இரண்டடி தூரம் என்னைப் போன்றவர்களின் பொறுப்பில் இருந்தது. அந்த இரண்டடிக்குள் பாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பாடகரும் அறியார், இசையமைப்பாளரும் அறியார், ஒலிபரப்பிய அறிவிப்பாளரும் அறியார். அதைக் கையால் தொட்டு அறிந்தவன் என்ற ஒரே உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும், ரயில் ஜங்ஷனும், பீங்கான் சாமான்களும் ஞாபகத்துக்கு வரும். அங்கிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் கருவேப்பிலங்குறிச்சி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் முந்திரியும் விளைகிற வெள்ளாற்றுப் பக்கத்துச் சீமை. 1960-களின் பிற்பகுதியில் விருத்தாசலம் கடைத்தெருவில் ஒரு பெரியவரிடம் தொழில் பழகிவிட்டு, ஊருக்குத் திரும்பிச் சாலையோரத்தில் ஒரு சிறிய கடையை நான் வைத்தபோது, என் மூலதனம் ஒரு சோல்டரிங் அயனும், ஒரு மல்டிமீட்டரும், ஈயக் கம்பியும், பிசின் டப்பியும், பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய உதிரிச் சாமான்கள் நிறைந்த ஒரு தகரப் பெட்டியுமே.

கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் குறைகள் பலவகைப்படும். கரகரக்கிறது, இரைகிறது, முள் நகரவில்லை, அடியோடு பேசவில்லை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆயினும் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக என் காதில் விழுந்தது ஒரு வாக்கியந்தான்: “தம்பி, எல்லாம் எடுக்குது, சிலோன் மட்டும் எடுக்கல.” திருச்சி நிலையம் கணீரென்று பேசும்; சென்னை பேசும்; 1967-க்குப் பிறகு புதுச்சேரியும் பேசும். ஆனாலும் சிலோன், அதாவது இலங்கை வானொலி, எடுக்காத பெட்டி பழுதான பெட்டி என்பதே எங்கள் பக்கத்து ஜனங்களின் தீர்ப்பு. ஆண்டுக்கு 15 ரூபாய் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டியது இந்திய சர்க்காருக்கு. அந்தப் பணத்துக்கு அவர்கள் எதிர்பார்த்த பலனோ அண்டை நாட்டு நிலையத்திலிருந்து!

இந்த விசித்திரத்துக்குக் காரணம் டெல்லியில் இருந்தது. 1952 முதல் பத்தாண்டுக் காலம் செய்தி ஒலிபரப்பு மந்திரியாக இருந்த பி.வி.கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுத்துவிடும் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். பாட்டோடு படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அகில இந்திய வானொலி அதை நிறுத்த, அதனால் சினம் கொண்ட படத்தயாரிப்பாளர்கள் தங்கள் பாட்டுகளை ஒலிபரப்பும் அனுமதியைத் திரும்பப் பெற, இரு தரப்பின் பிடிவாதத்துக்கும் இடையில் சாமானிய ரசிகன் பட்டினி கிடந்தான். 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி தொடங்கிய பிறகுதான் கதவு சற்றுத் திறந்தது. அதற்குள் ஜனங்களின் கை, டயல் குமிழைத் தெற்கே திருப்பிப் பழகிவிட்டது.

தெற்கே ஒரு வலுவான யந்திரம் தயாராகக் காத்திருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைகளுக்காகக் கொழும்பில் ‘ரேடியோ சீயாக்’ என்ற நிலையம் இயங்கியது. அதற்கென்று ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, யுத்தம் முடிந்தபின் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. படைவீரர்களின் பொழுதுபோக்குக்காகச் செய்த கருவி, 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியதும், நம் குடியானவர்களின் பொழுதுபோக்குக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்திலும் இதே கதைதான் நடந்தது. பி.பி.சி. இளைஞர்களின் பாட்டுக்கு இடம் கொடுக்கத் தயங்கியபோது, அந்நாட்டுப் பிள்ளைகள் ரேடியோ லக்ஸம்பர்க்கையும், 1964 முதல் கடலில் கப்பலிலிருந்து பாடிய ரேடியோ கரோலினையும் நாடிப் போனார்கள், 1967-இல் பி.பி.சி.யே ‘ரேடியோ 1’ என்று ஒரு தனி நிலையம் திறக்க வேண்டியதாயிற்று. பாட்டுக்கு அணை கட்டினால் அது பக்கத்து நாட்டு வழியாக வந்து சேர்ந்துவிடும் என்பதற்கு இவ்விரண்டு திருஷ்டாந்தங்களே போதும்.

கொழும்புக்கும் எங்கள் ஊருக்கும் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சிற்றலை, பூமியை விட்டு மேலே ஏறி, அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. அந்த மண்டலம் சூரியனுக்குக் கட்டுப்பட்டது. ஆதலால் காலையில் தெளிவாயிருந்த அலைவரிசை நண்பகலில் மங்கும்; மாலையில் மறுபடி எழும்பும்; நல்ல பாட்டின் நடுவே குரல் தேய்ந்து போய், சரணம் முடியும் தறுவாயில் திரும்பி வரும். மத்திய அலை அப்படியன்று. பகலில் மெலிந்து ஒலித்தாலும் ஒரே நிலையில் ஒலிக்கும். உப்பு நீர் அலைகளை நன்கு கடத்துமாதலால், நடுவில் கிடந்த கடல் எங்களுக்குத் தடையாக இல்லாமல் பாலமாகவே அமைந்தது.

அந்த மெல்லிய அலையைப் பிடிக்க ஏரியல் கட்டுவது என் தொழிலில் ஒரு பாதி. இரண்டு மூங்கில் கம்பங்களை நட்டு, செம்புக் கம்பியை இழுத்து, இரு முனைகளிலும் முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர் கோத்துக் கட்டுவேன். மின்சாரச் சாமான்களுக்கான பீங்கானில் பெயர் பெற்ற விருத்தாசலத்துக்குப் பக்கத்திலிருந்துகொண்டு எனக்கு இன்சுலேட்டருக்குப் பஞ்சம் ஏது? கம்பி கம்பத்தைத் தொட்டால் மழைக்காலத்து ஈரத்தில் அலை கசிந்து வீணாகும். அந்த வெள்ளை முட்டைதான் அதைக் காக்கும். எர்த் கம்பியைத் துணி துவைக்கும் கல்லின் ஓரம் புதைக்கச் சொல்வேன். அங்கே மண் என்றும் ஈரமாயிருக்குமாதலால் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

பீங்கானால் உபகாரம் போலவே உபத்திரவமும் உண்டு. விருத்தாசலத்துப் பட்டறைகளில் பொம்மைக்கும் கோப்பைக்கும் வேலை செய்பவர்கள் உத்திரத்தில் ஒரு ட்ரான்ஸிஸ்டரைத் தொங்கவிட்டுப் பாட்டுக் கேட்டபடியே வேலை செய்வார்கள். அந்தப் பெட்டிகள் என் மேஜைக்கு வரும்போது, களிமண்ணின் நுண்ணிய வெண்தூள் கேங் கண்டென்சரின் தகடுகளுக்கிடையே படிந்திருக்கும். அந்தத் தகடுகளின் இடைவெளி ஒரு தடித்த காகிதத்தின் கனம்தான் இருக்கும். அதில் தூள் புகுந்தால் குமிழைத் திருப்பும்போதெல்லாம் ‘கர்ர், கர்ர்’ என்று அலறும். துணியால் துடைத்தால் தகடு வளைந்துவிடும். சைக்கிள் பம்பினால் காற்றை ஊதி, பிறகு அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்டால் பெட்டி வாயடங்கும். தூளின் நிறத்தைக் கண்டே இது பீங்கான் பட்டறைப் பெட்டி, இது நெல் மிஷின் பெட்டி, இது செங்கல் சூளைப் பெட்டி என்று சொல்லிவிடும் பழக்கம் எனக்கு நாளடைவில் ஏற்பட்டது.

பெட்டியைத் திறந்தால் வீட்டின் சுபாவமும் வெளிப்படும். வால்யூம் கண்ட்ரோலுக்குள் ஒரு கரித்தடம் உண்டு; குமிழைத் திருப்பும்போது ஒரு சிறிய நாக்கு அதன்மேல் ஊர்ந்து செல்லும். எந்த அளவில் அந்த வீட்டார் வழக்கமாகக் கேட்கிறார்களோ, அந்த இடத்தில் மட்டும் கரி தேய்ந்திருக்கும். ஆரம்பத்திலேயே தேய்ந்திருந்தால் வீட்டில் யாரோ கண்டிப்பானவர் இருக்கிறார் என்றும், இளையவர் எவரோ அவர் உறங்கிய பின் காதோடு வைத்துக் கேட்கிறார் என்றும் ஊகிக்கலாம். கடைக்கோடியில் தேய்ந்திருந்தால் அது டீக்கடைப் பெட்டி. அலைவரிசை மாற்றும் ஸ்விட்சிலும் அப்படியே. உபயோகிக்கும் பட்டையின் தொடுமுனை பளபளக்கும், உபயோகிக்காதது கறுத்துக் கிடக்கும். நான் பார்த்த பெட்டிகளில் சிற்றலை முனை கறுத்திருந்தவை மிகச் சொற்பம்.

ஆனால் இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருப்பது ‘அலைன்மென்ட்’ என்னும் காரியத்தில். எந்த நிலையத்தின் அலை வந்தாலும் அதை 455 கிலோஹெர்ட்ஸ் என்னும் ஒரே இடைநிலை அலையாக மாற்றி, அதன்பின் பெருக்குவதுதான் சூப்பர்ஹெட்ரோடைன் பெட்டியின் தத்துவம். அந்த இடைநிலைச் சுருள்கள் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் இசைந்திருக்க வேண்டும். சுருளுக்குள் இருக்கும் சிறிய திருகை முன்னும் பின்னும் திருப்பி இசைய வைப்போம். இரும்புத் திருப்புளி உதவாது. இரும்பு பக்கத்தில் வந்தாலே சுருளின் குணம் மாறிவிடும். ஆகையால் மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவிச் சீவித் திருப்புளியின் வடிவாக்கி வைத்துக்கொள்வோம். எனக்குத் தொழில் கற்பித்தவர் கொடுத்த மூங்கில் சிம்பு இன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

அவர் கற்பித்த விதி ஒன்று உண்டு: “பக்கத்து ஸ்டேஷனை வெச்சுப் பெட்டியைத் திருத்தாதே, தூரத்து ஸ்டேஷனை வெச்சுத் திருத்து.” இதற்குச் சாஸ்திர ரீதியான காரணம் இருக்கிறது. வலுவான அலை வரும்போது பெட்டி தானாகவே தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது சுருள் சற்றுப் பிசகியிருந்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. மெலிந்த அலையில் அந்தத் தயவு கிடையாது. திருகை ஒரு மயிரிழை திருப்பினாலும் குரல் எழுவதும் அமிழ்வதும் துல்லியமாகத் தெரியும். சிக்னல் ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாத என் கடைக்குச் சிலோன்தான் சிக்னல் ஜெனரேட்டர். திருச்சியை வைத்துத் திருத்திய பெட்டி திருச்சியை மட்டுமே எடுக்கும். சிலோனை வைத்துத் திருத்திய பெட்டி உலகத்தையே எடுக்கும். பத்து மணி வெயிலில் மத்திய அலையில் சிலோனை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, மூங்கில் சிம்பைத் திருகிக்கொண்டிருக்கும்போது, எதிரே பெஞ்சியில் குந்தியிருக்கும் சம்சாரி, “அதான் தம்பி, அதான்! அங்கேயே நிறுத்து” என்று எனக்கு முன்பே சொல்லிவிடுவார். அவருடைய காதுக்கு இருந்த தேர்ச்சி எந்த மீட்டருக்கும் இல்லை.

அந்தக் காதுகளைப் பழக்கியவர்கள் இலங்கையின் அறிவிப்பாளர்கள். ஆரம்ப நாட்களில் எஸ்.பி.மயில்வாகனம், எங்கள் வாலிபத்தில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். ராஜாவின் பேச்சு மடை திறந்த வேகம். ஹமீதின் பேச்சோ நிதானமும் கம்பீரமும் கலந்தது. ஆனால் லகர ளகர ழகரங்கள் இருவர் வாயிலும் தத்தம் இடத்தில் அட்சர சுத்தமாக நின்றன. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பின்னர் பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’, இரவானால் ‘இரவின் மடியில்’ என்று ஒரு நாளின் பொழுதுகளை அவர்கள் எங்களுக்கு வகுத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் இளைஞன் ஒருவன் எழுதிய கடிதத்தை ஒரு நாள் நேயர் விருப்பத்தில் வாசித்தபோது, இங்கே பஸ் கண்டக்டர்கள்கூடப் பாதியில் விழுங்கிவிடும் ‘கருவேப்பிலங்குறிச்சி’ என்ற நீண்ட பெயரை, ஓர் எழுத்தும் குறையாமல் கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் உச்சரித்தார். அன்று டீக்கடையில் அந்தப் பையனுக்குக் கிடைத்த மரியாதை ஒரு மந்திரிக்குக்கூடக் கிடைத்திராது.

பாட்டுகளைப் பற்றி நான் விஸ்தாரமாகச் சொல்லத் தேவையில்லை. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை இணைந்து இசையமைத்த படங்கள், கே.வி.மகாதேவனின் மெட்டுகள், சௌந்தரராஜன், சுசீலா, பி.பி.ஸ்ரீநிவாஸ், எல்.ஆர்.ஈஸ்வரி ஆகியோரின் குரல்கள் எல்லாம் உலகறிந்தவை. உலகம் சற்று மறந்துவிட்டது இலங்கையின் பொப்பிசையை. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் முதலியோர் சிங்களத்துப் பைலா தாளத்தில் பாடிய துள்ளல் பாட்டுகள், சினிமாவின் துணையில்லாமலே எங்கள் பக்கத்துக் களத்துமேடுகளை எட்டின. மனோகரனின் ‘சுராங்கனி’யை, அதன் பாதி மொழி புரியாமலே, மல்லாட்டை ஆயும் பெண்கள் பாடிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். ஒரு படமோ, ஒரு நடிகரின் முகமோ பின்னால் இல்லாத பாட்டு ஜனரஞ்சகமாக முடியும் என்பதை எங்களுக்குக் காட்டியது அந்த நிலையந்தான். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது எங்கள் ஜனங்கள் தங்கள் வயல்வெளிப் பாட்டு வானொலியில் வருகிறதே என்று அதிசயித்தார்கள். அதையும் முக்கால்வாசிப் பேர் கேட்டது சிலோனில்தான்.

1983 ஜூலையில் கொழும்பில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு நிலைமை வேறாயிற்று. பாட்டுக்காகத் தெற்கே திரும்பிய முள், சேதிக்காக அலையத் தொடங்கியது. “பி.பி.சி. தமிழோசை எடுக்குமா?” என்பதே கடையில் புதிய கேள்வி. அலைன்மென்ட் செய்யும் முறை மாறவில்லை. கேட்பவர்களின் முகபாவம் மாறிவிட்டது. அறிவிப்பாளர் ராஜா கொழும்பில் கொலையுண்டார் என்ற சேதி வந்தபோது, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்த பலர் பழுதைச் சொல்லாமல் அவரைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள்.

அதற்குள் காசட் வந்துவிட்டது, லைசென்ஸ் ஒழிந்தது, டெலிவிஷன் வந்தது. பெட்டியின் உட்புறமும் மாறிற்று. ஜெர்மேனியம் ட்ரான்ஸிஸ்டர்கள் போய், முழு ரேடியோவும் ஒரே சில்லுக்குள் அடங்கிய மலிவுப் பெட்டிகள் வந்தன. பழுதானால் எறிந்துவிட்டு வேறு வாங்குவதே லாபம் என்றாயிற்று. 2003 வாக்கில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் தமிழ்நாட்டுப் பட்டணங்களில் முழங்கத் தொடங்கியபோது, என் கடையில் மிக்ஸியும் மின்விசிறியும் பம்புசெட் ஸ்டார்ட்டரும் ரிப்பேருக்கு அடுக்கியிருந்தன. அதில் எனக்கு மனக்குறை இல்லை. பிழைப்புக்கு ஒரு வழி மூடினால் மற்றொன்று திறக்கிறது.

ஆனால் சில வருஷங்களாக ஒரு புதிய வகை வாடிக்கையாளர் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தக் காலத்துப் பாட்டு. செல்போனில் எல்லாம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பாட்டுகளை முன்கூட்டியே நிரப்பிய பெட்டிகளும் பிள்ளைகள் வாங்கித் தந்திருக்கிறார்கள். “பாட்டெல்லாம் அதேதான்ப்பா. ஆனா இது அந்தப் பாட்டு இல்ல” என்கிறார்கள். வீட்டிலுள்ளவர்கள் அதை வயோதிகத்தின் பிரமை என்று சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதில்லை, அவர்கள் சொல்வது மெய்.

பழைய பெட்டியின் இடைநிலைச் சுருள்கள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசையைப் பெரும்பாலும் உள்ளே விடா. இசைத்தட்டின் உராய்வு இரைச்சலில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே பெட்டியின் குறுகலே தட்டின் இரைச்சலை வடிகட்டியது. மனிதக் குரலின் உயிர் அந்த எல்லைக்குக் கீழே இருப்பதால் சௌந்தரராஜனும் சுசீலாவும் சேதமின்றி வந்து சேர்ந்தார்கள். வாத்தியங்களோ சற்றுப் பின்வாங்கி, பாடுகிறவருக்கு வழி விட்டு நின்றன. அதன்பின் ஈ.எல். 84 போன்ற ஒரு வால்வு, ஓர் இரும்புப் பட்டை ட்ரான்ஸ்பார்மர், காகிதக் கூம்பு வைத்த நீள்வட்ட ஸ்பீக்கர், தேக்குப் பலகைக் கூடு என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஓசையைக் கனிவித்தன. இன்றைய கருவி ஸ்டூடியோவில் பதிந்த ஒலி முழுவதையும் ஒளிவு மறைவின்றிக் கொட்டுகிறது. பதிவுக்கு அது விசுவாசமானது, வாஸ்தவம். ஆனால் எங்கள் தலைமுறையில் எவரும் ஸ்டூடியோவில் நின்று பாட்டுக் கேட்கவில்லை. நாங்கள் மனத்தில் பதித்து வைத்திருப்பது, ஆகாயத்தில் தேய்ந்து, சுருளில் வடிந்து, மரக்கூட்டில் கனிந்து வந்த ஒலியை. பாட்டு ஒன்று, அது வந்த வழி வேறொன்று. ஞாபகம் அந்த வழியையும் சேர்த்தே பாட்டு என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. இதைப் பாடகரிடமிருந்தோ ரசிகரிடமிருந்தோ நான் கற்கவில்லை, தொழில்தான் கற்பித்தது.

ஆகையால், பாட்டனாரின் வால்வு ரேடியோவைத் தூசி தட்டி எடுத்துவந்து, உள்ளே இருப்பதை எல்லாம் எறிந்துவிட்டு ப்ளூடூத் பலகையும் புதிய ஸ்பீக்கரும் வைத்துத் தரும்படி பேரப்பிள்ளைகள் கேட்டால், நான் அதற்கு இணங்குவதில்லை. அந்தப் பெட்டிகளில் பலவற்றின் முதுகில், கிராமபோன் இணைப்பதற்கென்று ‘பி.யு.’ என்று எழுதிய இரண்டு துளைகள் உண்டு. ப்ளூடூத்தை அந்தத் துளைகளில் செருகிக் கொடுக்கிறேன். ஈரம் ஏறிக் கசியும் காகிதக் கண்டென்சர்களை மாற்றுகிறேன். ட்ரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி.–டி.சி. பெட்டியானால், அதன் சேசிஸில் நேரடியாக மின்சாரம் ஓடும் அபாயத்தைச் சொல்லி, தனி ட்ரான்ஸ்பார்மர் வைக்காமல் இணைக்க மறுக்கிறேன். பாட்டு இனி செல்போனிலிருந்து வரட்டும். சிலோனிலிருந்துதான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க நான் யார்? ஆனால் கடைசி இரண்டடி என் பொறுப்பு. அந்த வால்வையும், அந்த இரும்புப் பட்டையையும், அந்தக் காகிதக் கூம்பையும் கழற்ற என்னிடம் எவர் சொன்னாலும், கூலி வேண்டாம், வேறு கடைக்குப் போங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.